அந்த ஊரே அப்படித்தானாமே, டாக்டர்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தென்காசிப் பக்கம். என் இளைய மகள் கிர்கிஸ்தானில், பிஷ்கெக் நகரத்தில் மருத்துவம் நான்காம் ஆண்டு படிக்கிறாள். பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விடுமுறை நாட்களில் உதவப் போவதாகப் போன மாதம் போனில் சொன்னாள். வீட்டில் பூகம்பம். "அந்த ஊரே அப்படித்தான், வீட்டுக்கு ஒருத்தி அந்தத் தொழில்தான், அங்கே படித்துவிட்டு வந்த பையனே சொன்னான்" என்கிறார் என் மைத்துனர். நாளைக்கு வரன் பார்க்கும்போது இது பேச்சாகிவிடும் என்று மனைவி அழுகிறாள். எனக்கு வேறொரு குழப்பம். சோவியத் நாடு இதழின் வழவழப்பான தாளில் நோட்டுக்கு அட்டை போட்டு வளர்ந்தவன் நான். கிர்கிஸ்தானும் அந்த சோவியத் யூனியனில்தானே இருந்தது? எல்லாப் பெண்களும் படித்திருந்த, எல்லாருக்கும் வேலை இருந்த தேசம் எப்படி இந்த நிலைக்கு வந்தது? மகளை அனுமதிக்கலாமா?

பதில்: ஐயா, வணக்கம்.

அனுமதிக்கலாம். சில நிபந்தனைகள் உண்டு, கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் உங்கள் மைத்துனரின் ‘வீட்டுக்கு ஒருத்தி’ கணக்கைப் பார்த்துவிடலாம். நான் சமூக மருத்துவம் படித்தவள். எச்.ஐ.வி. தடுப்புப் பணிக்காக மத்திய ஆசியாவில் சில வருடங்கள் இருந்தேன். இந்தப் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதே அங்கே என் வேலையில் பாதி.

மறைவாக நடக்கும் தொழில் இது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேட்க முடியாது. அதனால் ஒரு சின்ன உபாயம் செய்வோம். வேறெங்கும் கிடைக்காத மாதிரி ஒரு கீ செயின் தயாரித்து, களப்பணியாளர்கள் மூலம் தெருமுனை, சானா எனும் நீராவிக் குளியல் விடுதி, ஹோட்டல் என்று எல்லா இடங்களிலும் இந்தப் பெண்களுக்குக் கொடுப்போம். 300 கொடுத்தோம் என்று வையுங்கள். சில நாள் கழித்து வேறொரு குழு போய், "இப்படி ஒரு கீ செயின் உங்களுக்குக் கிடைத்ததா?" என்று விசாரிக்கும். பத்துப் பேரில் ஒருவர் ஆமாம் என்றால் மொத்தம் சுமார் 3,000 பேர் இருக்கிறார்கள். தலைமையாசிரியருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. இதில் ஓட்டைகளும் உண்டு. போலீஸ் அடிக்கடி வரும் வாரத்தில் பெண்கள் வெளியே வருவதில்லை, எண்ணிக்கை படுத்துவிடும். கீ செயினை ஒருத்தி தோழிக்குக் கொடுத்துவிட்டால் இருவருமே ஆமாம் என்பார்கள், அப்போதும் எண்ணிக்கை குறைந்துவிடும்.

இப்படியெல்லாம் எண்ணி, 2010களில் கிர்கிஸ்தானில் அரசும் ஐ.நா. அமைப்புகளும் வைத்திருந்த மதிப்பீடு சுமார் 7,000 பெண்கள். அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை 60 லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் பேருக்கு ஒருவருக்கும் சற்று மேலே. நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2009 வாக்கில் எடுத்த கணக்கு சுமார் 8.68 லட்சம் பெண்கள். 120 கோடிப் பேரில் அது ஆயிரத்துக்கு முக்கால். இரண்டும் ஒரே முறையில் எடுத்த கணக்கல்ல, அதனால் அப்படியே பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘வீட்டுக்கு ஒருத்தி’க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்க்கலாம். ரஷ்யாவில் சில லட்சம் என்பதிலிருந்து 30 லட்சம் வரை ஆளாளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய இடைவெளி இருந்தால் யாரும் சரியாக எண்ணவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

உங்கள் மைத்துனருக்குச் சேதி சொன்ன பையனைப் பற்றி ஒரு வார்த்தை. பிஷ்கெக்கில் இரவு 1 மணிக்கு எந்தத் தெருவில் யார் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்குப் போயிருக்க வேண்டும். அதே ஊரில் காலை 7 மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் ரொட்டிப் பையோடு நிற்கும் நூறு பெண்கள் அவன் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை. வாடிக்கையாளர்களில் உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம். ஆனாலும் வெளிநாட்டு மாணவர்களும் உண்டு, அதில் நம் பிள்ளைகளும் அடக்கம். ஊர் திரும்பியதும் கெட்ட பெயர் மட்டும் அந்த ஊருக்கு.

சரி, உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன்.

சோவியத் நாடு இதழில் நீங்கள் பார்த்த படங்கள் முழுப் பொய்யில்லை. வேலை செய்யும் வயதுப் பெண்களில் பத்துக்கு ஒன்பது பேர் வேலையிலோ படிப்பிலோ இருந்த தேசம் அது. இந்தத் தொழில் மட்டும் அப்போதும் இருந்தது. இல்லை என்று சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1930இல் வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். வறுமையால் வருவதுதானே விபசாரம், வறுமையே போய்விட்ட பிறகு அது எப்படி இருக்கும் என்று ஒரு வாதம். அதற்குப் பிறகும் பிடிபட்ட பெண்கள் உழைப்பு முகாம்களுக்குப் போனார்கள். 1961க்குப் பிறகு உழைக்காமல் உண்பவர்கள் மீதான சட்டம் அவர்கள் மேல் பாய்ந்தது. மாஸ்கோவிலும் லெனின்கிராதிலும் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஹோட்டல் வாசல்களில் டாலருக்குத் தொழில் செய்த பெண்களை ஊரே அறியும், பத்திரிகைதான் எழுதாது. 1987இல்தான் ரஷ்யக் குடியரசு இதற்கென்று தனியாக ஓர் அபராதம் கொண்டுவந்தது. முதல் தடவை பிடிபட்டால் 100 ரூபிள் வரை. இருக்கிறது என்று அரசு ஒத்துக்கொண்ட முதல் ரசீது அது.

ஆகவே பூஜ்யத்திலிருந்து திடீரென்று முளைத்ததல்ல. ஆனால் 1991க்குப் பிறகு பல மடங்கு பெருகியது உண்மை. அதற்குப் பெண்களின் ஒழுக்கத்தை ஆராய்வதைவிட அந்த வருடங்களின் வரவு செலவைப் பார்ப்பது நல்லது.

1991 டிசம்பரில் யூனியன் கலைந்தது. அடுத்த மாதமே ரஷ்யா விலைக்கட்டுப்பாட்டை எடுத்தது. அந்த ஒரு வருடத்தில் அங்கே விலைவாசி ஏறக்குறைய 26 மடங்கானது. கிர்கிஸ்தானும் அதே ரூபிளில்தான் இருந்தது. 1993 மே மாதம் சொம் என்று சொந்த நாணயம் அடித்தார்கள். 200 ரூபிளைக் கொடுத்தால் 1 சொம். மகள் கல்யாணத்துக்கென்று முப்பது வருடமாகச் சேர்த்த சேமிப்பு சில கிலோ மாவுக்குக் காணாமல் போனது. 1995க்குள் நாட்டின் உற்பத்தி ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

அங்கே ஆலை என்றால் சம்பளம் தரும் இடம் மட்டுமில்லை. குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, கேன்டீன், கோடை முகாம், சில சமயம் குடியிருப்பும் அதே ஆலைதான். ஆலை மூடினால் அத்தனையும் ஒரே நாளில் போயிற்று. வேலை போன பெண் வேறு வேலை தேடலாம் என்றால் கைக்குழந்தையை விட இடமில்லை. ஆசிரியை, நர்ஸ், நூலகர் என்று பெண்கள் நிறைந்திருந்த அரசு வேலைகளில் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது. சில இடங்களில் சம்பளத்துக்குப் பதில் மாவு மூட்டை, துண்டு, வோட்கா பாட்டில்.

நான் பிஷ்கெக்கில் அடிக்கடி பார்த்துப் பேசிய ஓர் அம்மா ஒரு சின்ன ஊரில் ஆலைக் காப்பகத்தை நடத்தியவர். நாற்பது குழந்தைகள், ஆளுக்கொரு சின்னக் கட்டில், அதில் ஒட்டிய மிருகப் படங்கள் வரை நினைவு வைத்திருந்தார். பூட்டிய பிறகு கட்டில்களை விற்றுத்தான் கடைசிச் சம்பளம் கொடுத்தார்களாம். புருஷன் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தார். பிஷ்கெக்குக்கு வந்து சந்தையில் சாக்ஸ் விற்றார். கடன் வாங்கிப் போட்ட சரக்கு எல்லையில் மாட்டிக்கொண்டது. கடனை அடைக்க ஒரு சானாவில் ‘துப்புரவு வேலை’ என்று கூப்பிட்டார்கள். அது என்ன வேலை என்று போகும்போதே தெரியும் என்று என்னிடம் சொன்னார். ஏமாற்றி இழுத்துவிட்டார்கள் என்று எழுதிக்கொள்ளாதே என்றும் சொன்னார். ஊரில் தாயிடம் வளர்ந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா கேன்டீனில் சமைக்கிறாள் என்றுதான் தெரியும்.

இப்படி ஒரு கதையைக் கேட்டவுடன், கஷ்டம் வந்தால் எல்லாரும் இதற்குத்தான் போவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கேதான் உங்கள் மைத்துனர் தவறுகிறார். அதே காலத்தில், அதே மூடிய ஆலைகளிலிருந்து வெளியே வந்த பெண்களில் மிகப் பெரும்பாலோர் போன இடம் பிஷ்கெக்கின் ஓரத்தில் இருக்கும் தொர்தொய் சந்தை. 1992இல் தொடங்கியது. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்புக் கன்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கீழே கடை, மேலே கிடங்கு என்று கிலோமீட்டர் கணக்கில் நீளும். சீனத் துணிகளை அங்கே கைமாற்றி விற்றவர்களில் பௌதிக ஆசிரியைகள், இன்ஜினியர்கள், பியானோ சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் உண்டு. இன்னும் பலர் தையல் கூடங்களுக்குப் போனார்கள். பிஷ்கெக்கில் தைத்த சட்டை இன்றைக்கும் ரஷ்யக் கடைகளுக்குப் போகிறது. மற்றவர்கள் மாஸ்கோவுக்குப் போய்த் தரை துடைத்தார்கள். வெளியூரிலிருந்து வரும் அந்தப் பணம் பல வருடங்களில் நாட்டு வருமானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கிர்கிஸ் பெண்களைப் பற்றிப் பொதுவாக ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்றால் இதைச் சொல்லலாம். மூட்டை தூக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

அப்படியானால் அந்த 7,000 பேர் யார்? நாங்கள் பேசியவர்களில் திரும்பத் திரும்ப வந்த அடையாளம் ஒன்று உண்டு. விவாகரத்தானவர் அல்லது கணவன் விட்டுப்போனவர், கையில் குழந்தை, சொந்த ஊர் கிராமம், பிஷ்கெக்கில் பதிவு இல்லை. இந்தப் பதிவு நமக்குப் புதிது. ப்ரொபீஸ்கா என்பார்கள், சோவியத் காலத்து ஏற்பாடு. எந்த முகவரியில் பதிந்திருக்கிறாயோ அங்கேதான் பள்ளி, மருத்துவமனை, உதவித்தொகை எல்லாம். நம் ரேஷன் கார்டு மாதிரி என்று வையுங்கள், ஆனால் அரிசியோடு நிற்காது. நகரைச் சுற்றி முளைத்த புதுக் குடியிருப்புகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது கிடைப்பதில்லை. கடத்திக்கொண்டு போய்க் கல்யாணம் செய்யும் வழக்கம் சட்டம் தடுத்த பிறகும் கிராமங்களில் முழுசாக ஒழியவில்லை. அந்த மாதிரி கல்யாணத்திலிருந்து தப்பி வந்தவளைப் பிறந்த வீடு சேர்த்துக்கொள்ளாததும் உண்டு. எல்லாரும் அபலைகள் என்றும் சொல்ல மாட்டேன். "பதினாலு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்து பார்த்தேன், இடுப்புப் போனதுதான் மிச்சம்" என்று கணக்குப் போட்டு வந்தவர்களும் இருந்தார்கள்.

அடுத்தது போலீஸ். கிர்கிஸ்தானில் 1998இல் இந்தத் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நடத்துபவரும் தரகரும்தான் குற்றவாளி, பெண் இல்லை. நான் அங்கே இருந்தபோது ஏட்டில் அப்படி. ரோட்டில் பாஸ்போர்ட்டைக் காட்டு, ஸ்டேஷனுக்கு வா, அல்லது காசைக் கொடு. கைப்பையில் ஆணுறை இருந்தால் அதையே சாட்சி என்பார்கள். அதனால் பயந்து ஆணுறையே எடுத்துப் போகாத பெண்களைப் பார்த்திருக்கிறேன். சோவியத் நாட்களில் சனிக்கிழமை கூலியில்லாமல் தெருக் கூட்டி மரம் நடுவதற்கு சுபோத்னிக் என்று பெயர். போலீஸ்காரர்களுக்கு இலவசமாகப் போய் வர வேண்டிய நாளை இந்தப் பெண்கள் அதே பெயரில் சொல்கிறார்கள். மாமூல் ஒழுங்காகப் போகிற இடத்தில் எந்தத் தொழிலும் லேசில் மறையாது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா.

கெட்ட பெயர் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 1988இல் துருக்கிக்கும் ஜார்ஜியாவுக்கும் நடுவே சார்ப் எல்லை திறந்தது. யூனியன் உடைந்ததும் சாமான் மூட்டையோடு ஆயிரக்கணக்கான பெண்கள் வியாபாரத்துக்குத் துருக்கிக் கடற்கரை ஊர்களுக்குப் போனார்கள். சிலர் உடலையும் விற்றார்கள். சீக்கிரமே த்ராப்சோன் என்ற ஊர்ப் பக்கத்தில் வெள்ளைத் தோலோடு, பொன்னிற முடியோடு யார் நடந்தாலும், அந்தத் தொழில் செய்பவள் என்ற அர்த்தத்தில், ரஷ்யாவில் சாதாரணமாக வைக்கும் ‘நடாஷா’ என்ற பெயரால் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மூட்டை சுமந்த டீச்சருக்கும் அதே பெயர்தான். துருக்கி, வளைகுடா, ரஷ்யா என்று வேலை ஆசை காட்டி ஏமாற்றிக் கொண்டுபோய் விற்ற கொடுமையும் அந்தக் காலத்தில் ஏராளம் நடந்தது, இன்னும் நடக்கிறது. அது தனிக் குற்றம். தானாக இந்தத் தொழிலில் இருப்பவளையும் கடத்தப்பட்டவளையும் ஒரே கட்டாகக் கட்டினால் இருவருக்கும் உதவ முடியாது.

இனி உங்கள் மகள்.

நோய் தொற்றுமோ என்ற பயம் கடிதத்தில் இல்லாவிட்டாலும் மனதில் இருக்கும். முன்னாள் சோவியத் நாடுகளில் எச்.ஐ.வி. பரவியதற்குப் போதை ஊசிதான் முதல் காரணம். கிர்கிஸ்தான் 2002லேயே, போதை ஊசிக்குப் பதிலாக வாயால் கொடுக்கும் மாற்று மருந்தான மெத்தடோன் சிகிச்சையையும் சிறைக்குள் சுத்தமான ஊசி கொடுப்பதையும் தொடங்கிய நாடு. ரஷ்யா மெத்தடோனை இன்றுவரை அனுமதிக்கவில்லை. 2010களில் கிர்கிஸ்தானில் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ஆய்வுகளில் தொற்று இருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். மகள் செய்யப்போவது விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது. தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால்கூட எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றைக்கே, மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் அதுவும் வெகுவாகக் குறையும். அந்த மருந்து அந்த இடத்தில் கையிருப்பு இருக்கிறதா, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே அவள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இதைவிட எனக்குக் கவலை ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்று. மூன்று தடுப்பூசியும் போட்டாளா, எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று ரத்தம் பார்த்தாளா என்று கேளுங்கள். மருத்துவ மாணவர்கள் இதில் அலட்சியம்.

அப்புறம் காகித வேலை. 2024 ஏப்ரலில் அங்கே வெளிநாட்டுப் பணம் வாங்கும் தொண்டு நிறுவனங்கள் மேல் ஒரு கடுமையான சட்டம் வந்தது. அதனால் பல அமைப்புகள் சங்கடத்தில் இருக்கின்றன. மாணவர் விசாவில் இருக்கும் பெண் அந்தச் சிக்கலுக்குள் போய் நிற்க வேண்டாம். கல்லூரி டீன் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி, அமைப்பிடமிருந்து ஒரு கடிதம், இரண்டும் கையில் வந்த பிறகு போகட்டும். அந்தத் தொழிலில் இருந்த பெண்களே நடத்தும் தாய்ஸ் பிளஸ் போன்ற அமைப்புகள் பிஷ்கெக்கில் உண்டு. எந்த இடமானாலும், அங்கே பொறுப்பில் இருப்பவர்களில் அந்தத் தொழிலை அறிந்த பெண்கள் இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது போட்டோ எடுத்துப் போட நடத்தும் முகாமாக இருக்கலாம்.

போட்டோ என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே போனை வெளியே எடுக்கவே கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘இன்று முகாமில்’ என்று அவள் போடும் படத்தின் ஓரத்தில் தெரியும் ஒரு முகத்தை ஊரில் யாராவது பார்த்தால் அந்தக் குடும்பம் கலையும். ரஷ்ய மொழி தட்டுத்தடுமாறினால் முதலில் பதிவேடு எழுதட்டும். கிர்கிஸ் பெண்களை ‘எஜே’, அதாவது அக்கா என்று கூப்பிட்டால் போதும், மீதியை அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். இரவில் தெருவுக்குப் போகும் குழுவோடு இப்போதைக்கு வேண்டாம், பகல் நேர கிளினிக் மட்டும். 2024 மே மாதம் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கிய இரவு உங்கள் வீட்டில் யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள். ராத்திரி எங்கே இருக்கிறாள் என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

வரன் விஷயம். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள். 1986இல் சென்னையில் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, காப்பகத்தில் இருந்த பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே அதில்தான் தெரிந்தது. அவர் அப்போது கல்யாணமானவர். காப்பகத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டது அவர் கணவர். எடுத்த ரத்தத்தை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, இருவருமாகத்தான் ரயிலேறி வேலூருக்குச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். எல்லா மாப்பிள்ளையும் அப்படி அமைவார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பேசி முடிக்கிற வீட்டில் இதை மறைக்க வேண்டாம், முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டு முகம் சுளிக்கிற வீட்டுக்கு டாக்டர் மருமகள் எதற்கு?

அந்த அமைப்பின் பெயரையும், கல்லூரி என்ன சொன்னது என்பதையும் மகளை எனக்கு எழுதச் சொல்லுங்கள். ஹெபடைட்டிஸ் ஊசி போட்ட தேதியோடு.